பாளையங்கோட்டை ஞாயிறு நடுவர் வகுப்பு: ஒரு மதிப்பீடு

திருநெல்வேலிச் சீமையில் பொங்கலுக்கோ கோயில் கொடைக்கோ கபடிப் போட்டி நடத்தாத ஊரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கோடை விடுமுறை தொடங்கிவிட்டால் கால்பந்து, வாலிபால், டென்னிஸ் பந்து கிரிக்கெட் என்று குளக்கரைப் பொட்டல்களும் பள்ளி மைதானங்களும் நிரம்பிவிடும். பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் கோப்பைக்கும் வரி பிரித்துச் செலவழிக்கிற விழாக் குழுக்கள், நடுவர் விஷயத்தில் மட்டும், ஒரு காலத்தில் நன்றாக ஆடிய அண்ணாச்சி ஒருவரின் கையில் விசிலைக் கொடுத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகின்றன. விளைவை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அவர் ஃபவுல் என்பார், எதிர்த்தரப்பு இல்லை என்று கோட்டுக்குள் இறங்கும், ஆட்டம் நின்றுபோகும், களத்தில் மூண்ட வாய்த்தகராறு அடுத்த கொடை வரைக்கும் இரண்டு ஊர்களுக்கு இடையே போக்குவரத்தில்லாமல் செய்துவிடும். இதை ஓரளவுக்காவது தடுக்கக்கூடிய ஒரு முயற்சி நம் பக்கத்திலேயே நடக்கிறது என்பதால், பாளையங்கோட்டையில் ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கும் நடுவர் பயிற்சி வகுப்பைப் பற்றி விரிவாகவே எழுதுகிறேன்.

ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்கள் மூவர் சேர்ந்து இதை நடத்துகிறார்கள். விளம்பரம் செய்வதில்லை, விளையாட்டுப் பொருட்கள் விற்கும் கடைகளில் சொல்லிவைத்திருக்கிறார்கள், அங்கே கேட்டால் எண் தருவார்கள். நான்கு ஞாயிற்றுக்கிழமைகள், காலை 7 மணி முதல் மதியம் 1 மணி வரை வகுப்பு. கட்டணம் 600 ரூபாய், மாணவர்களுக்குப் பாதி. அதற்குள் ஒரு கையேடும் ஒரு விசிலும் அடக்கம். முடிவில் தரும் சான்றிதழ் விளையாட்டுச் சங்கங்கள் நடத்தும் நடுவர் தேர்வுக்கு ஈடாகாது என்பதை முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிடுகிறார்கள், அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. எங்கள் ஊர் விழாக் குழு சார்பில் நானும் இளைஞர்கள் சிலரும் சேர்ந்தோம்.

விதிகளை ஒன்று, இரண்டு என்று ஒப்புவிக்கும் வகுப்பாக இருக்கும் என்று நினைத்துப் போகிறவர்களுக்கு முதல் மணி நேரமே வியப்பாக இருக்கும். இரண்டு பேரை முன்னால் அழைத்து, ஓடிவரும் ஒருவரின் தோளில் இன்னொருவரின் தோளால் இடிக்கச் சொல்லிவிட்டு, இது ஃபவுலா என்று ஆசிரியர் கேட்டார். பாதிப் பேர் ஆம் என்றார்கள், பாதிப் பேர் இல்லை என்றார்கள். "எந்த ஆட்டம்னு ஒருத்தர்கூட கேக்கலியே" என்று சொல்லிவிட்டு அவர் விளக்கத் தொடங்கினார். பந்து ஆடும் தூரத்தில் இருக்கும்போது, கவனக்குறைவோ முரட்டுத்தனமோ இல்லாமல் தோளுக்குத் தோள் மோதுவது கால்பந்தில் நியாயமான போராட்டம். அதே மோதல் கூடைப்பந்தில் ஆட்டக்காரரின் பெயரில் குற்றமாக ஏறும். கபடியிலோ உடலோடு உடல் மோதுவதுதான் ஆட்டமே. ஒவ்வோர் ஆட்டமும் எதைக் காப்பாற்றுகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் எது ஃபவுல் என்பது பெரும்பாலும் தானே விளங்கிவிடும் என்பதும், அந்த விதி ஆட்டக்காரரின் எண்ணத்தைக் கணக்கில் எடுக்கிறதா, நடந்ததை மட்டும் பார்க்கிறதா என்பதை அடுத்ததாகக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதும்தான் நான்கு வாரமும் அவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்தவை. இந்த இரண்டு கேள்விகளுக்காகவே கட்டணம் தகும் என்பது என் கருத்து.

கூடைப்பந்தை அவர்கள் விளக்கிய முறை நல்ல எடுத்துக்காட்டு. தரையில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு வட்டம் போட்டு, அதன் நடுவே ஒரு மாணவியை நிறுத்தி, வட்டத்திலிருந்து மேலே எழும்பும் கண்ணுக்குத் தெரியாத உருளை அவருக்குச் சொந்தம் என்றார்கள். அந்த உருளைக்குள் அவர் நேராக மேலே எம்பலாம், கைகளைச் செங்குத்தாகத் தூக்கலாம். பந்தோடு வருபவர் அவர் நெஞ்சில் வந்து மோதினால் குற்றம் வந்தவர்மேல். அதே மாணவி கையை முன்னால் சாய்த்தாலோ இடுப்பைப் பக்கவாட்டில் நீட்டினாலோ உருளையை விட்டு வெளியே வந்துவிட்டார், இப்போது குற்றம் அவர்மேல். டிராவலிங் (பந்தைத் தட்டாமல் நடப்பது), டபுள் டிரிபிள் (தட்டி நிறுத்திய பிறகு மறுபடி தட்டுவது) போன்றவற்றில் பந்து மட்டும் எதிரணிக்குப் போகும், எவர் பெயரிலும் எதுவும் ஏறாது. உடலால் செய்த குற்றம் தனியாளின் கணக்கிலும் அணியின் கணக்கிலும் ஏறும். சர்வதேச விதிப்படி ஐந்தாவது குற்றத்தோடு ஆட்டக்காரர் வெளியேற வேண்டும் (அமெரிக்காவின் என்.பி.ஏ. போட்டிகளில் ஆறு). அணியின் கணக்கு ஆட்டத்தின் நான்கு பகுதிகளில் ஏதாவது ஒன்றில் நான்கை எட்டிவிட்டால், அதன்பின் கூடைக்கு எறியாதவர்மேல் தடுப்பவர் செய்யும் ஒவ்வொரு குற்றத்துக்கும் எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ, அதாவது யாரும் தடுக்காமல் கூடைக்கு எறியும் வாய்ப்பு. குற்றத்தை எண்ணிச் சேர்த்து வைக்கிற இந்த முறை கால்பந்திலிருந்து எவ்வளவு வேறுபட்டது என்பதை மாணவர்கள் அங்கேயே பிடித்துக்கொண்டார்கள்.

கால்பந்துக்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்கப்பட்டிருந்தது, அது சரியான முடிவும்கூட. நம் ஊர்களில் அதிகம் கேட்கும் வாதம், பந்தை முதலில் தொட்டுவிட்டால் பிறகு எது நடந்தாலும் ஃபவுல் இல்லை என்பதுதான். முன்னீர்பள்ளம் பக்கத்துப் பையன் ஒருவன் எழுந்து, "சார், அவன் பந்தைத்தான சார் மொதல்ல தொட்டான்?" என்று விடாமல் கேட்டான். "சரிய்யா, பந்தைத் தொட்டான். பொறவு அந்தக் காலை எங்க கொண்டு போனான், அதைச் சொல்லு" என்று கேட்ட ஆசிரியர், சறுக்கிப் போய்ப் பந்தைத் தட்டிய பிறகு உயர்ந்த காலின் பூட்ஸ் அடிப்பாகம் எதிராளியின் கணுக்காலில் போய் நிற்பதை, ஒவ்வோர் அசைவாக நிறுத்தி நிறுத்திச் செய்து காட்டினார். விதி மூன்று படிகளை வைத்திருக்கிறது. கவனமில்லாமல் செய்தால் ஃப்ரீ கிக் மட்டும். எதிராளிக்கு நேரும் ஆபத்தைப் பொருட்படுத்தாமல் செய்தால் மஞ்சள் அட்டை. அளவுக்கு மீறிய வலுவோடு அவர் உடலுக்கே கேடு வரும்படி செய்தால் சிவப்பு. இந்த மூன்றிலும், வேண்டுமென்றே செய்தானா என்ற கேள்வியே வருவதில்லை. "நான் வேணும்னு செய்யலை சார்" என்று ஆட்டக்காரர் கெஞ்சுவதற்கு நடுவர் இரங்க வேண்டியதில்லை என்பதை அன்றைக்குத்தான் எங்கள் பையன்கள் முழுமையாக ஏற்றுக்கொண்டார்கள்.

பந்து கையில் படும் விவகாரத்தில் எண்ணம் கொஞ்சம் உள்ளே வருகிறது. கையில் பட்டதெல்லாம் குற்றமாகாது. வேண்டுமென்று கையைப் பந்துக்குக் கொண்டுபோவதும், உடலின் இயல்பான அசைவுக்குப் பொருந்தாதபடி கையை விரித்து உடலைப் பெரிதாக்கிக்கொள்வதும் குற்றம். கோல் அடிப்பவரின் கையில் பட்டுப் பந்து நேரே உள்ளே போனால், அது தற்செயலாகப் பட்டிருந்தாலும் கோல் கிடையாது. கை எங்கே தொடங்குகிறது என்பதைக் காட்ட, ஒரு மாணவனின் சட்டையில் அக்குளின் அடிமட்டத்துக்கு நேராகச் சுண்ணாம்பால் கோடு போட்டார்கள். கோட்டுக்கு மேலே தோள், கீழே கை. அந்தச் சட்டையோடு அவன் மதியம் வரைக்கும் நின்றதால், சந்தேகம் வந்தபோதெல்லாம் எல்லோரும் அவனைத்தான் திரும்பிப் பார்த்தார்கள். 2010 உலகக் கோப்பைக் காலிறுதியில், கூடுதல் நேரத்தின் கடைசி நொடிகளில், கானா அணியின் பந்தை உருகுவேயின் சுவாரஸ் கோல் கோட்டில் நின்று கையால் தடுத்ததை எடுத்துக்கொண்டு நடந்த விவாதம் அந்த நாளின் சிறந்த பகுதி. சிவப்பு அட்டையும் பெனால்டியும் கொடுக்கப்பட்டன, கானாவின் கியான் அடித்த பெனால்டி குறுக்குக் கம்பத்தில் பட்டுப் போனது, கடைசியில் உருகுவே வென்றது. இதில் நியாயம் எங்கே இருக்கிறது என்று மாணவர்கள் கொதித்தபோது, விழாத கோலைக் கொடுக்கும் அதிகாரம் நடுவருக்கு இல்லை என்பதையும், நடுவர் தன் கையில் இருந்த தண்டனை முழுவதையும் கொடுத்துவிட்டார் என்பதையும் ஆசிரியர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். பெனால்டிப் பகுதிக்குள் பந்தை ஆட முயன்று தவறி உறுதியான கோல் வாய்ப்பைக் கெடுத்தவருக்கு 2016 முதல் மஞ்சள் அட்டைதான் என்பதும், இழுத்தோ தள்ளியோ கெடுத்தவருக்கு இன்றும் சிவப்புதான் என்பதும் நம் ஊர் நடுவர்கள் பலருக்குத் தெரியாத செய்தி.

கபடி வகுப்பைப் பற்றிச் சொல்லும்போது எனக்குக் கூடுதல் பற்று இருப்பதை மறைக்கப்போவதில்லை. 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் ஆடிய மணத்தி கணேசன் பிறந்தது தாமிரபரணிப் பாசனத்து ஊரில். இந்த மண்ணில் கபடியைச் சரியாக நடத்தாமல் விடுவது நமக்கு அழகாகாது. பிடிப்பதும் புரட்டுவதுமாக இருக்கும் இந்த ஆட்டம் எதைக் காப்பாற்றுகிறது? ரைடரின், அதாவது பாடிக்கொண்டே எதிரணிப் பக்கம் போகிறவரின், மூச்சையும் மூட்டுகளையும் என்பது ஆசிரியரின் பதில். அதிலிருந்து விதிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன. பாட்டை நிறுத்துவதற்காக ரைடரின் வாயைப் பொத்துவது குற்றம். கைகால்களையும் உடலையும் தவிர முடியையோ உடையையோ பிடிப்பது குற்றம். இரண்டு கால்களாலும் கத்தரி போட்டுப் பிடிப்பதும், காயம்படும் அளவுக்கு வன்முறையாகத் தாக்குவதும், கோட்டுக்கு வெளியே வேண்டுமென்று தள்ளிவிடுவதும் குற்றம். ரைடு போவதற்கு ஐந்து நொடிக்கு மேல் எடுத்துக்கொள்வதும், வெளியிலிருந்து ஆட்டக்காரர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதும்கூட அந்தப் பட்டியலில் இருக்கின்றன. கடைசியாகச் சொன்னதைக் கேட்டபோது வகுப்பு முழுவதும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது, ஏனென்றால் நம் ஊர்ப் போட்டிகளில் கோட்டைச் சுற்றி நிற்கும் அத்தனை பேரும் பயிற்சியாளர்கள்தாம்.

உடலில் எண்ணெயோ வழுக்கும் பொருளோ தடவி வரக் கூடாது, நகங்களை ஒட்ட வெட்டியிருக்க வேண்டும் என்ற விதிகளை ஆட்டம் தொடங்கும் முன்பே பார்த்துவிட வேண்டும் என்று அவர்கள் வற்புறுத்தினார்கள். ஒவ்வோர் ஆட்டக்காரரின் முன்கையிலும் தன் உள்ளங்கையை அழுத்தித் தேய்த்து, பிறகு அந்தக் கையால் ஒரு வெள்ளைத் துணியைத் துடைத்துக் காட்டினார் ஆசிரியர். துணியில் மஞ்சளாக ஏதாவது ஒட்டினால் அவரைத் துடைத்துவிட்டு வரச் சொல்ல வேண்டும். அரை நிமிட வேலைதான், பிடி நழுவியதா நழுவவிட்டானா என்ற சண்டை பிறகு வரவே வராது.

அட்டைகள் பற்றிய பாடம் இந்த வகுப்பின் தனிச்சிறப்பு, வேறு எந்தப் பயிற்சியிலும் இதை இவ்வளவு நன்றாக நான் பார்த்ததில்லை. ஒரு மேசையில் பச்சை, மஞ்சள், சிவப்பு அட்டைகளை நான்கு வரிசையாக அடுக்கி, ஒவ்வொரு வரிசைக்கும் ஓர் ஆட்டத்தின் பெயரை எழுதி வைத்திருந்தார்கள். மஞ்சள் அட்டை வாங்கிய கால்பந்து ஆட்டக்காரர் தொடர்ந்து ஆடுவார், அதே ஆட்டத்தில் இரண்டாவது மஞ்சள் வாங்கினால்தான் வெளியேறுவார். ஹாக்கியில் பச்சைக்கே 2 நிமிடம் வெளியே இருக்க வேண்டும், மஞ்சளுக்குக் குறைந்தது 5 நிமிடம். கபடியில் பச்சை எச்சரிக்கை மட்டும், மஞ்சளுக்கு 2 நிமிடம். வாலிபாலில் மஞ்சள் எச்சரிக்கையோடு நிற்கும், சிவப்பு காட்டினால் எதிரணிக்கு ஒரு புள்ளியும் சர்வீசும் போகும், ஆட்டக்காரர் களத்திலேயே இருப்பார். ஒரே நடுவர் காலையில் கபடிக்கும் மாலையில் வாலிபாலுக்கும் நிற்கிற நம் ஊர்களில், இந்த வேறுபாடு தெரியாததால் மட்டுமே எத்தனை தகராறு வந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். 1966 உலகக் கோப்பைக்குப் பிறகு, சாலைச் சந்திப்பு விளக்குகளைப் பார்த்து ஆங்கில நடுவர் கென் ஆஸ்டனுக்கு வண்ண அட்டை காட்டும் எண்ணம் தோன்றியது என்பதையும், 1970 மெக்சிகோ உலகக் கோப்பையில் அட்டைகள் முதன்முதலில் பயன்பட்டன என்பதையும் இடையில் சொல்லிச் சென்றார்கள்.

ஹாக்கியை எடுத்த ஆசிரியர் கோவில்பட்டிக்காரர், லட்சுமி அம்மாள் நினைவுப் போட்டிகளைச் சிறுவயதிலிருந்து பார்த்து வளர்ந்தவர் என்பது அவர் பேச்சிலேயே தெரிந்தது. எண்ணம் என்ற கேள்வி மிக நுட்பமாகக் கேட்கப்படும் ஆட்டம் இதுதான். கோலுக்கு முன்னால் உள்ள வட்டத்துக்குள் தடுப்பாட்டக்காரரின் காலில் பந்து தற்செயலாகப் பட்டால் பெனால்டி கார்னர், அதாவது கோல் கோட்டிலிருந்து பந்தைத் தள்ளிவிட்டுத் தாக்கும் வாய்ப்பு. அதனால் பெரும்பாலும் விழுந்திருக்கக்கூடிய கோல் ஒன்று தடுக்கப்பட்டிருந்தால் பெனால்டி ஸ்ட்ரோக், அதாவது கோல்கீப்பர் மட்டும் எதிரே நிற்க ஒருவர் கோலுக்கு அடிக்கும் வாய்ப்பு. பெனால்டி கார்னரில் அடிக்கப்படும் முதல் அடி, 5 மீட்டருக்குள் நிற்கும் தடுப்பாட்டக்காரரின் முழங்காலுக்குக் கீழே பட்டால் இன்னொரு பெனால்டி கார்னர் கிடைக்கும். இயல்பாக நிற்கும்போது முழங்காலிலோ அதற்கு மேலோ பட்டால் அடித்தவர் ஆபத்தாக ஆடினார் என்று ஃப்ரீ ஹிட் மறுபக்கம் போகும். ஒரு காலுக்குப் பேடு கட்டி, முழங்காலின் உயரத்தில் சிவப்பு நாடா சுற்றி, பந்தை மெதுவாக உருட்டியும் தூக்கியும் இரண்டு முடிவுகளையும் எல்லோரையும் சொல்ல வைத்தார். ஒரு சாண் உயரம் தண்டனையையே எதிர்ப்பக்கம் திருப்பிவிடுகிறது என்பதைக் கண்ணால் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

தடகளத்தில் எண்ணத்துக்கு இடமே இல்லை. 2010 முதல் தனி ஓட்டங்களில் துப்பாக்கிக்கு முன் ஒரு முறை கிளம்பினாலே நீக்கம். 2011 தேகு உலகப் போட்டியின் 100 மீட்டர் இறுதியில் உசேன் போல்ட்டே அப்படித்தான் வெளியேறினார். கிரிக்கெட்டுக்கு ஒதுக்கிய நேரம் குறைவு என்றாலும், இடுப்புக்கு மேல் வரும் ஃபுல் டாஸ், கீப்பருக்குப் பின்னால் வைத்த ஹெல்மெட்டில் பந்து பட்டால் 5 ரன் போன்றவற்றைத் தெளிவாகச் சொன்னார்கள். பந்து விடும் முன்பே கோட்டை விட்டு நகரும் மறுமுனை ஆட்டக்காரரைப் பந்துவீச்சாளர் ஆட்டமிழக்கச் செய்வது 2022இல் முறையற்ற ஆட்டம் பற்றிய பிரிவிலிருந்து எடுக்கப்பட்டு ரன் அவுட் பிரிவில் சேர்க்கப்பட்டதை விளக்கியபோது, அது அநியாயம் என்று சாதித்த சிலர் அமைதியானார்கள்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். வாலிபாலையும் கோ-கோவையும் கடைசி நாளின் கடைசி மணி நேரத்தில் திணித்துவிட்டார்கள். நம் கிராமங்களில் வாலிபால் எவ்வளவு ஆடப்படுகிறது என்பது அவர்களுக்குத் தெரியாததன்று. வலையைத் தொடுவது எப்போது பிழை, நடுக்கோட்டை எவ்வளவு தாண்டினால் பிழை என்பவற்றைக் கரும்பலகையில் வரைந்ததோடு நிறுத்தியது போதாது, வலை கட்டிக் காட்டியிருக்க வேண்டும். விசில் ஊதவும் கைச்சைகை காட்டவும் ஒவ்வொருவருக்கும் கிடைத்த நேரம் மிகக் குறைவு. தெரிந்த விதியைக் கூட்டத்துக்கு நடுவே உரத்த விசிலோடும் தயங்காத கையோடும் அறிவிப்பதுதான் புதியவர்களுக்குக் கடினம், அதைப் பழக்க இன்னொரு ஞாயிறு சேர்த்தாலும் தகும். மாணவிகள் நிறையப் பேர் வருகிறார்கள், கற்றுத்தருபவர்களில் ஒரு பெண்கூட இல்லை; கபடிப் பிடிகளைச் செய்து காட்டும் நேரத்தில் இது பெரிய குறையாகத் தெரிந்தது. முடிவு பிடிக்காமல் ஊரே திரண்டு வந்தால் நடுவர் என்ன செய்ய வேண்டும், ஆட்டத்தை எப்போது நிறுத்தலாம், குழு அவருக்கு என்ன பாதுகாப்புத் தர வேண்டும் என்பதைப் பற்றி ஒரு பாடம் அவசியம் வேண்டும். நம் பக்கத்து அனுபவத்தில் நடுவர்களுக்கு எல்லாவற்றையும்விட இதுதான் முதலில் தேவைப்படுகிறது.

கையேடு எளிய தமிழில், படங்களோடு, பைக்குள் அடங்கும் அளவில் இருக்கிறது. எனக்குக் கிடைத்த பிரதியில் கோல்கீப்பர் பந்தைக் கையில் வைத்திருக்க 6 நொடி என்றே அச்சாகியிருந்தது. 2025 ஜூலை முதல் அது 8 நொடியாகி, மீறினால் எதிரணிக்குக் கார்னர் கிக் என்று மாறிவிட்டது. வகுப்பில் வாய்மொழியாகத் திருத்திச் சொன்னார்கள், புதிய அச்சில் திருத்துவதாகவும் உறுதி கூறினார்கள்.

ஏற்கெனவே சங்கத் தேர்வு எழுதி நடுவரானவர்களுக்கு இங்கே புதிதாகக் கிடைப்பது குறைவுதான். விழாக் குழுவினர், பள்ளிகளில் பல ஆட்டங்களுக்கும் ஒரே ஆளாக நிற்கும் உடற்கல்வி ஆசிரியர்கள், ஆடி முடித்து விசிலை எடுக்க நினைக்கும் இளைஞர்கள் ஆகியோர் தயங்காமல் சேரலாம். ஆட்டக்காரர்களையும் கூட்டிப் போவது நல்லது. எங்கள் ஊர்ப் பையன்களில் வாதம் செய்வதில் முன்னால் நிற்பவன் இப்போது களத்தில் ஒரு முடிவு வந்தால், நடுவரின் கைச்சைகையை முதலில் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறக்கிறான். பொங்கல் போட்டிகளுக்கு ஆள் தயார் செய்ய விரும்பும் குழுக்கள் ஐப்பசியிலேயே பெயர் கொடுத்துவிட வேண்டும், ஏனென்றால் கார்த்திகை மாத வகுப்பில் இடம் சீக்கிரம் நிரம்பிவிடுகிறது. மழை பெய்தால் மைதானப் பயிற்சி அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போகும், அதற்கும் நாள் வைத்துக்கொண்டு சேருங்கள். கையேட்டை வாங்கும்போது 8 நொடி என்று திருத்திய பிரதியா என்று பக்கத்தைப் புரட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.